ரங்கூன்காரர் வெட்டச் சொன்ன துண்டு

மாடியில் குடியிருக்கும் பெண் நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் படிக்கட்டில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொள்வாள். வார்டுக்குப் போகும்போது அது இருக்கக்கூடாதாம், திங்கட்கிழமை விடிவதற்குள் அழித்துவிடுவாள். அரை நாள் அழகுக்கு இத்தனை பாடா என்று கேட்டால் சிரிப்பாள். போன வாரம் சும்மா இருக்காமல், "பாட்டி, உங்களுக்கும் போட்டுவிடட்டுமா?" என்று என் கையைப் பிடித்துச் சுண்டுவிரலில் பூசியும் விட்டாள். இந்த வயசில் ஒரு சிவப்பு நகம். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"எரியுதா பாட்டி?"

"இல்லம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கனிந்து கறுத்த வாழைப்பழத்தில் சாராயத்தை ஊற்றிவைத்தது போல ஒரு வாசனை அது. சினிமாப் பிலிமை ஒட்டுகிற பசைக்கும் அதே வாசனைதான். வேலூர்ப் பாகாயத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாருக்கும் தெரியாது, நான் ஒரு காலத்தில் பிலிம் ஒட்டினேன் என்று. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் போர்வை எண்ணிக் கொடுத்தவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் நிஜம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை பார்த்தேன். அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில். ஊர் என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, நாங்கள் இருந்தது சேரி. ஊர் வேறு, அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு வயல்வெளி. எங்கள் பக்கத்து ஆண்கள் அநேகமாக எல்லோரும் தோல் ஷாப்பில் வேலை செய்தார்கள். ஷாப்பு என்றதும் செருப்பு விற்கிற கடை என்று நினைத்துவிடாதீர்கள். தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் போட்டுப் புரட்டியெடுக்கிற வேலை. சுண்ணாம்பு தின்ற கையை இருட்டில் தடவினாலே தெரிந்துவிடும்.

அந்தக் கையை வைத்துத்தான் என் அம்மா அந்த ரங்கூன்காரரைக் கண்டுபிடித்தாள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியிலேயே வளர்ந்தவள். லேஸ் பின்னுகிற வகுப்பில் என் கை திருத்தமாக இருக்கும் என்று பெயர். படிப்பு முடித்து வீட்டில் இருந்தபோது, ரங்கூனிலிருந்து சினிமா எடுக்கிற ஒருத்தர் வந்திருக்கிறார், நுணுக்கமான வேலைக்குக் கை வேண்டுமாம் என்று டீச்சர் அனுப்பிவைத்தார்கள். அம்மாவும் துணைக்கு வந்தாள். தோல் ஷாப்பு முதலாளி சாயபு சும்மா கிடந்த ஒரு கிடங்கை அவருக்கு விட்டிருந்தார். கோட்டு, தொப்பி, கண்ணாடி, மீசை. "உக்காருங்க" என்றார் எங்களைப் பார்த்து. எங்களை யாரும் அதுவரை உட்காரச் சொன்னதில்லை. அதனால் நின்றுகொண்டே இருந்தோம்.

வேலையை விளக்குவதற்காகக் கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையை மடித்தார். முழங்கைவரை சுண்ணாம்பு தின்ற பழைய தழும்பு, அம்மா அதையே பார்த்தாள். பிறகு, "நீ கன்னியப்பன் மவன் ஏழுமலைதான?" என்றாள்.

அவர் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். "அக்கா, கால்ல வேணா வுழறேன். வெளிய சொல்லிடாத. கூத்துல படுகளம் முடியற வரிக்கும் நான் ராஜன். ரங்கூன்ல பொறந்தவன். அவ்ளோதான்."

"உங்கப்பன்கிட்டயாவது சொன்னியா?"

"படம் முடியட்டும்க்கா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சம்பளம் தருகிற வேலை, அதுவும் சினிமா. அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வெளியில் அவர் சார், கிடங்குக்குள் ஏழுமலை அண்ணன்.

அவர் கதையை வேலைக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னார். மீசை முளைக்காத வயசிலேயே சுண்ணாம்புக் குழியில் கை வெந்து, அதற்குப் பயந்து ஓடியவர். கூட்டத்தோடு கூட்டமாகக் கப்பலேறி ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தைத்தார். மில்லுக்குப் பக்கத்தில் ஒரு சினிமாக் கொட்டகை. நோட்டீஸ் ஒட்டுகிறவனாக உள்ளே நுழைந்து, படம் ஓட்டுகிற பெட்டியைச் சுற்றக் கற்று, பிறகு பர்மாக்காரர்கள் நடத்திய ஒரு கம்பெனியில் கேமராவின் முக்காலியைத் தூக்கி, கடைசியில் கேமராவையே பிடித்துவிட்டார். பர்மாக் கதைகளாக எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு படத்திலும் எங்கேயாவது நம் பக்கத்துச் சமாசாரம் எட்டிப் பார்த்துவிடுமாம். ஒரு படத்தில் பர்மாக் கதாநாயகி வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். முதலாளி கூப்பிட்டு, "இது எந்த தேசத்துப் பழக்கம்?" என்று கேட்டாராம். "அழகா இருக்குன்னு போட்டேன்னு சொன்னேம்மா. வேற இன்னா சொல்றது? எனக்குத் தெரிஞ்ச வாசல் அதான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

துறைமுகத்துத் தமிழர்களுக்காக, அங்கே அவர்கள் நடத்திய தீமிதியைச் சின்னதாக ஒரு படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் குழந்தை மாதிரி அழுதார்களாம். அதைப் பார்த்த பிறகுதான், நம் பக்கத்துப் பாரதக் கூத்தையே நேரில் போய் எடுத்துவந்து காட்டவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. சேர்த்த பணத்தையெல்லாம் போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பேசாத படம்தான். கிடங்குக்குள்ளேயே இருட்டறை கட்டி, தோல் ஷாப்புத் தொட்டிகளிலேயே பிலிமைக் கழுவினார். "தோலுக்கும் பிலிமுக்கும் இன்னா வித்தியாசம்ன்ற? ரெண்டும் ஊறணும், ரெண்டும் காயணும்" என்பார். ஒரு நாள் பிலிமின் மேல் பூசியிருக்கும் பசை, மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது என்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ துரோபதம்மன்?" என்றேன். "அதும் மேலதான். தர்மகர்த்தாகிட்ட சொல்லிடாத" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்கூடச் சரியாகப் படவில்லை. யாரை ஏமாற்றினோம் என்று சிரித்தோமோ, அவர்கள் நஷ்டப்படவே இல்லையே.

பாரதத்தில் கடைசியாக வருவது படுகளம். அது பகலில் நடக்கும், அதனால்தான் படம் பிடிக்க முடிந்தது. கோயிலுக்கு எதிர்த் திடலில் துரியோதனனை மண்ணால் மலைபோலப் படுக்கவைத்திருப்பார்கள். வேஷம் கட்டின பீமன் வந்து தொடையில் அடிப்பான், துரோபதை கூந்தலை முடிவாள். ஊர் மொத்தமும் திடலில் இருக்கும். எங்கள் ஆட்கள் திடலுக்குள் வரக்கூடாது. கழனிக்கு அப்பால் ஒரு பெரிய வரப்பு உண்டு, அதன்மேல் வரிசையாக நின்று பார்ப்போம். அங்கிருந்து பார்த்தால் பீமன் கட்டைவிரல் அளவு தெரிவான். அடி விழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். சின்ன வயசில் பீமன் அடிப்பது ஒன்று, சத்தம் வேறொன்று என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நான் வரப்பில் நிற்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். ஊர்த் தெருவில் பூட்ஸ் போட்டு நடந்தேன். தோலை ஊறவைத்த எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கையில்கூட எடுத்துப்போக முடியாது. விடுதியில் வளர்ந்த என் முகம் ஊருக்குப் பழக்கமில்லை, ஊர்ப் பெண்கள் என்னை மதராஸ் டீச்சரம்மா என்று நினைத்து மோர் கொடுத்தார்கள். குடித்தேன். இனிப்பாக இருந்தது என்று சொல்வதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தர்மகர்த்தா அண்ணனிடம், "நீங்க இன்னா வம்சம்?" என்று கேட்டார்.

"நாலு தலமொறையா ரங்கூனுங்க. கப்பல் ஏறினதும் அதெல்லாம் கரைஞ்சி போச்சி."

தர்மகர்த்தா சிரித்துவிட்டு இவரைத் திடலின் நடுவுக்கே அழைத்துப்போய் நிறுத்தினார்.

பீமன் தண்டத்தைத் தூக்கினான். அண்ணன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மெதுவாகக் கேமராவைத் திருப்பினார். திடல், கூட்டம், கோயில், கழனி, வரப்பு. வரப்புக்கு வந்ததும் கேமரா நின்றது. கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குத் தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கேமரா திரும்பிவிட்டது.

தெரிந்தது கிடங்கில்தான். படத்தைக் கழுவிக் காயவைத்துச் சுவரில் சின்னதாக ஓட்டிப் பார்த்தோம். வரப்பில் எல்லோரும் ஒரே பக்கம், பீமனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் நேராக எங்களைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த உருமாலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நரைத்த தலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கன்னியப்பன் பெரியப்பா.

"அண்ணே, அது உங்கப்பா" என்றேன்.

"தெர்து."

பெட்டியை நிறுத்திவிட்டுப் பிலிமைக் கையில் எடுத்தார். பிறகு, "வெட்டிடு" என்றார்.

"வெட்டிடவா?"

"எல்லாரும் பீமனப் பாக்கறாங்க. ஒருத்தர் மட்டும் பொட்டியப் பாத்தா, படம் பாக்கறவன் கண்ணு அங்கதான் போவும். கதை கெட்டுடும். வரப்பே வாணாம். நெகடிவ்லயும் எடுத்துடு. ரங்கூன்ல எவன் கண்ணுலயாச்சும் பட்டா பேஜாராப் போய்டும்."

அவர் சொன்ன காரணம் தப்பில்லை. சினிமாவில் யாரும் கேமராவைப் பார்க்கக்கூடாதுதான். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நான் கத்தரியை எடுத்தேன். உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் வேறு காரணம் தெரிந்திருந்தது. அந்த வரிசையில் என் அம்மாவும் நின்றிருந்தாள்.

பிலிம் ஒட்டுகிற பசையைக் கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது. வெட்டிப்போட்ட துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் மேலே இருக்கும் உருவமெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும், வெறும் பட்டை கண்ணாடி மாதிரி நிற்கும். அதைப் பொடியாக நறுக்கிக் குப்பியில் போட்டு அந்த வாழைப்பழ வாசனைத் திரவத்தை ஊற்றினால் கரைந்து பசையாகிவிடும். அந்த வேலை என்னுடையது. வரப்புத் துண்டையும் அப்படித்தான் வெந்நீரில் போட்டேன். கட்டைவிரலால் தேய்த்தேன். எல்லாத் துண்டும் போலத்தான் அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் கப்பலேறினார். போகும்போதும் அப்பனைப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் திரும்பி வந்தார். அறிவிப்பு ஒன்றும் இல்லை. நான் சாயபு வீட்டுப் பெண்களுக்கு லேஸ் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் இளைத்துப் போயிருந்தார், கோட்டு தொளதொளவென்று தொங்கியது. ரங்கூனில் நடந்ததை அன்றைக்குத்தான் சொன்னார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டுப் படத்தை ஓட்டியிருக்கிறார். நம் பக்கத்து ஆட்கள் சம்பளத்தன்றைக்கு வந்து குவிந்துவிட்டார்கள். ஏரி வந்தது, "அதோ நம்ம ஏரி!" என்று கத்தினார்கள். கோயில் வந்ததும் எழுந்து கும்பிட்டார்கள். பீமன் அடித்தபோது கொட்டகையே அதிர்ந்ததாம். படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒரு கிழவர் எழுந்தார். எங்கள் சேரியிலிருந்து அண்ணனுக்கும் முன்னாலேயே கப்பலேறிப் போனவர்.

"எல்லாம் வந்திச்சிப்பா. நல்லா இருந்திச்சி. நம்ம ஆளுங்க எங்க? நாம நிப்பமே, அந்த வரப்பு எங்க?"

அண்ணன், "வெளிச்சம் பத்தல தாத்தா" என்றாராம்.

"வெயில்ல புடிச்ச படத்துக்கு வெளிச்சம் பத்தலையா?"

கிழவர் சத்தம் போட்டுச் சண்டைக்கு வரவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போய்விட்டார்கள். அதற்குமேல் அந்தப் படத்தை அண்ணன் ஓட்டவேயில்லை.

"அவங்களுக்காகத்தானம்மா எடுத்தேன்" என்றார் என்னிடம். "யாருக்காக எடுத்தனோ அவங்களையே வெட்டிட்டேன்." பிறகு, "அந்தத் துண்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

பசையாகிவிட்டது என்றேன். அந்தப் படத்தை ஒட்டியதே அதை வைத்துத்தான் என்றேன். அவர் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான்தான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

பட்டப்பகலில், கோட்டு தொப்பியோடு, நேராகச் சேரிக்குள் போனார். பெரியப்பா குடிசைக்கு வெளியே சுரண்டுகத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தீட்டினார்.

"அப்பா."

"இன்னா, படம் புடிக்க வந்தியா?"

"உன்னப் பாக்க வந்தேன்."

"போன வருஷந்தான் பாத்தியே. பொட்டி வழியா."

அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோட்டெல்லாம் புழுதி. பெரியப்பா கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டு, "அண்ணனுக்குக் கஞ்சி ஊத்து" என்றார். அதுதான் அவர் மன்னித்ததற்கு அடையாளம் என்று நான் நினைத்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பசித்தவன் வந்தால் யாருக்குமே ஊற்றுகிற கஞ்சிதான் அது.

மாதக் கணக்கில் அண்ணன் சேரியிலேயே தங்கி இரண்டாவது படத்தை எடுத்தார். பீமன் இல்லை, வேஷம் இல்லை. தோல் ஷாப்புக்குப் போகிறவர்கள், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொள்கிற பெண்கள், எங்கள் கல்யாணம், எங்கள் சாவு, எங்கள் மேளம். என் அம்மா உலக்கை குத்துவதைப் பிடித்தார். அம்மாவும் பவுடர் பூசிக்கொண்டு குத்தினாள். எல்லோரையும் வரப்பில் நிற்கவைத்து, ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் கேமராவை நிறுத்தினார். பெரியப்பா மட்டும் வரமாட்டேன் என்றார். எத்தனையோ கெஞ்சிப் பார்த்தோம்.

"ஒரு தபா நின்னேன். போதும்" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் படத்தை முதலில் எங்களுக்குத்தான் காட்டவேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். சேரி முகப்பில் இரண்டு கம்பம் நட்டு வேட்டித் துணியைத் தைத்துக் கட்டினோம். பொழுது சாய்ந்ததும் சேரியே வந்து உட்கார்ந்துவிட்டது. ஊருக்கும் சேதி போய், ஊர்க்காரர்களும் வந்தார்கள். சேரிக்குள் நுழையமுடியாதே, அதனால் துணிக்கு அந்தப் பக்கம், கழனியில் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் படம் இடம் வலம் மாறித் தெரியும். எங்களுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அன்றைக்கு அவர்கள் நிற்கிறார்கள், நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்று.

படம் ஓட்டுவதற்கு முன்னால் அண்ணன் துணியின் முன்னால் போய் நின்றார். இப்படிச் செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "நான் ராஜன் இல்ல. கன்னியப்பன் மவன் ஏழுமலை. போன வருஷம் படுகளத்துல, நடுத்திடல்ல நின்னது நான்தான்."

நாங்கள் கை தட்டினோம். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அந்தப் பக்கத்தார் படம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் காலையில் பெரியப்பாவை ஊர் கூப்பிட்டது. மகனைக் கூப்பிடவில்லை, அப்பனைத்தான் கூப்பிட்டது. திடல் தீட்டாகிவிட்டது, அம்மனுக்குக் கழுவாய் செய்யவேண்டும், அதுவரை சேரிப் பெண்கள் கழனி வழியாக ஊற்றுக்குப் போகக்கூடாது என்று தர்மகர்த்தா சொன்னார். அந்த வழி இல்லையென்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு மலைக்கரட்டைச் சுற்றி வரவேண்டும். நாங்கள் எல்லோரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா திடலின் ஓரத்தில், மண்ணில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அண்ணன் வரப்பிலிருந்து குதித்து ஓடினார். "எந்திரி! தப்பு பண்ணது நானு. நான் வுழறேன்!"

பெரியப்பா முகத்தை மண்ணிலிருந்து எடுக்காமலே உரக்கச் சொன்னார். அந்தக் காலையில் காற்றுகூட இல்லை, வரப்புவரை கேட்டது.

"நீ சொல்லிட்டுக் கப்பல் ஏறிடுவ. நான் இங்கியே தண்ணி குடிக்கணும்டா. தள்ளிப் போ."

அண்ணன் தள்ளிப் போனார். தர்மகர்த்தா எழுந்திருக்கச் சொல்லும்வரை பெரியப்பா அப்படியே கிடந்தார். சாயங்காலம் வழி திறந்துவிட்டார்கள்.

உண்மையைச் சொல்வது நல்ல காரியம் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை யார் தலையில் கொண்டுபோய் இறக்குகிறோம் என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணன் தன் நெஞ்சுக்குள் இருந்ததை இறக்கிவைத்தார், நான் கை தட்டினேன், பாரம் போய் விழுந்தது அந்த நரைத்த தலையில். அந்த வாரமே அண்ணன் கிளம்பிவிட்டார். இந்தத் தடவை அப்பனிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். பெரியப்பா ரயிலடிவரைக்கும் வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் கொஞ்சம் விலகி நின்றேன்.

திரும்பி வரும் வழியில் பெரியப்பா திடீரென்று, "ஏம்மா, அந்த மொதப் படத்துல நான் எப்பிடி இருந்தேன்?" என்று கேட்டார்.

"நல்லா இருந்த பெரியப்பா. எல்லாரும் பீமனப் பாத்தாங்க, நீ பொட்டியப் பாத்த. உருமாலக் கழட்டிக் கையில மரியாதையா வச்சிக்கினு நின்ன."

"மரியாதையா?" என்று நின்றுவிட்டார். "மரியாதை எவனுக்கு? ஷாப்புல நடையப் பாத்தப்பவே அவன்தான்னு தெரிஞ்சிடுச்சி. அத்தினி வருஷம் கழிச்சி வர்றான். உருமாலோட நின்னா அடையாளம் தெரியாதேன்னு கழட்டினேன்."

அதை நான் அண்ணனுக்கு எழுதியிருக்கவேண்டும். விலாசம் இருந்தது. எழுத உட்காரும்போதெல்லாம், இது அவருக்குச் சந்தோஷமா தண்டனையா என்று யோசித்து யோசித்துத் தாளை மடித்துவைத்துவிடுவேன்.

அதற்குள் பேசும் படம் வந்துவிட்டது. பேசாத படத்தை, அதுவும் தோல் ஷாப்புக்காரர்கள் படத்தை, எந்தக் கொட்டகைக்காரனும் வாங்கவில்லை. கம்பெனியும் அண்ணனைக் கைவிட்டதாகக் கேள்வி. ரங்கூனிலிருந்து வந்த ஒருவர் சொன்னார், கூலிக்காரர்கள் குடியிருப்பில் அண்ணனே துணி கட்டி அந்தப் படத்தை இலவசமாக ஓட்டுகிறார் என்று. பக்கத்தில் நின்றுகொண்டு, வரப்பில் வருகிற ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்வாராம். இது மேட்டு வீட்டுக் காத்தவராயன், இது சின்னப்பொண்ணு, இது உலக்கை குத்துகிற ராக்கேல் அக்கா என்று. முதல் படத்தை விட்டுப் போன கிழவர் முன்வரிசையில் உட்கார்ந்து, தெரிந்த பெயர்களைக் கூடவே சொல்வாராம். வரிசை முடிகிற இடத்தில் உருவமே இல்லாத வெறும் பிலிமைக் கொஞ்சம் ஒட்டியிருந்தாராம் அண்ணன். துணி வெள்ளையாக நிற்கும். "இங்க எங்கப்பா" என்பாராம். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. நல்லது கெட்டது எதுவும் தெரியாது.

கிடங்கு இடிந்து, அங்கே ஷூ கம்பெனியின் லாரி நிற்கிறது. ஆவாரம் பட்டை வண்டிகளை எங்கேயும் காணோம், தோல் இப்போது ரசாயனத்தில் ஊறி நீலமாக வெளியே வருகிறது. பாலாற்றில் ஊற்று தோண்டினால் எவரும் குடிக்கமாட்டார்கள். கழனி முழுக்க மனைக்கட்டாகிவிட்டது, வரப்பு எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்கே கை காட்டத் தெரியாது. ஊரும் சேரியும் ஒரே ரேஷன் கடையில் முட்டிமோதுகின்றன. இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சிலது போகட்டும் என்று காத்திருந்துதானே வயசானோம்.

போன தை மாதம் அண்ணனுடைய தங்கை பேரன் ஆம்பூரில் மாடி வீடு கட்டிப் புதுமனைக்குக் கூப்பிட்டான். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஹாலில், டியூப்லைட்டுக்குக் கீழே, பெரிய சட்டத்துக்குள் ஒரு கிழவர் படம், சந்தன மாலை, பொட்டு விளக்கு. சாந்தமான முகம், விபூதி, நல்ல ஜரிகை உருமால். யாரிது என்று விசாரித்தேன்.

"கன்னியப்பன் தாத்தா, ஆயா. போட்டோ ஒண்ணும் கெடைக்கல. வேலூர்ல ஒரு ஆர்ட்டிஸ்ட்கிட்ட, எங்க ஜாடைய வச்சி வரையச் சொன்னோம். நீங்க அவரப் பாத்திருக்கீங்களே. இப்பிடித்தான இருந்தாரு?"

வீட்டில் இருந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். சட்டத்துக்குள் இருந்த அந்தக் கிழவரை நான் பார்த்ததே இல்லை. சரியான முகத்தைச் சொல்லலாம் என்று கண்ணை மூடிப் பார்த்தேன். வெந்நீரும் என் கட்டைவிரலும்தான் தெரிந்தன.

"இப்பிடியேதாம்பா இருந்தாரு" என்றேன்.